கிரிட்டா: மணலையும் வேரையும் பார்த்து அரூபம் வரைகிறவர்களுக்கு ஒத்துவருமா?

கணினியில் ஓவியம் வரைவதற்கான மென்பொருளான கிரிட்டா பற்றி வந்திருக்கிற மதிப்பீடுகளில் முக்கால்வாசி காமிக்ஸ் வரைகிறவர்களுக்கும் அனிமே முகம் வரைகிறவர்களுக்கும் எழுதப்பட்டவை. கோடு நடுங்காமல் வருகிறதா, கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி வைக்க எந்த பிரஷ், முடிக்கு எந்த பிரஷ், இப்படியே போகும். இயற்கையைப் பார்த்து அரூப ஓவியம், அதாவது பொருளின் உருவத்தை அப்படியே காட்டாத ஓவியம், வரைகிற ஒருவருக்கு இந்த மென்பொருள் என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்று யாரும் விரிவாகச் சொல்லி நான் பார்க்கவில்லை. நான் நாகர்கோவில் பக்கம். கடற்கரை மணல், செம்மணல் மேடான தேரிக்காடு, பாறை, ஆலவிழுது, இவற்றிலிருந்து எடுத்த அரூபங்கள்தான் என் வேலை. நீர்வண்ணத்திலும் அக்ரிலிக்கிலும் பழகிய கை, இப்போது பாதிக்கு மேல் கிரிட்டாவில்தான் வரைகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வேலைக்கு இலவச மென்பொருள்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்று என் கண்ணில் படவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவற்றிலும் முக்கியமாக ஒரே விஷயத்தில்தான் இதை மிஞ்சுகிறவை இருக்கின்றன. அது ஈரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிரிட்டா கட்டற்ற மென்பொருள், கேடிஈ (KDE) என்கிற கட்டற்ற மென்பொருள் குழுமத்திலிருந்து வளர்ந்தது, இதன் வேர் 1999 வரை போகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் ஓடும். ஐபேடுக்கு இல்லை. ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட் என்கிற ஓவியச் செயலிக்குப் போய்விடுகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. இணையதளத்திலிருந்து இறக்கினால் பைசா கிடையாது, சந்தா கிடையாது, பதிவுகூடத் தேவையில்லை. 2021 கடைசியில் வந்த 5.0 பதிப்புக்குப் பிறகு இது ரொம்பவே முதிர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள் இப்போது மறுபடி பார்க்கலாம்.

சரி, அரூபத்துக்கு வருவோம். இயற்கையிலிருந்து அரூபம் எடுப்பது என்றால் ஒரு மரத்தை வரைந்துவிட்டு அதைக் கலங்கலாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள், டிஜிட்டலில் வரைகிறவர்கள் இன்னும் அதிகமாகவே அப்படி நினைக்கிறார்கள், ஏனென்றால் ஃபில்டரைத் தட்டினால் கலங்கிவிடும். டச்சு ஓவியர் மோண்ட்ரியான் 1908லிருந்து 1912 வரை வரைந்த மரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் சிவப்பாக எரிகிற ஒரு மரம், கிளை கிளையாகத் தெரிகிறது. 1911இல் அதே மரம் சாம்பல் நிறம், கிளைகள் வில்லாக வளைந்து இடைவெளியோடு கலக்கின்றன. 1912இல் பூத்த ஆப்பிள் மரம், அதில் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, வளைவுகளும் அவற்றின் இடைவெளிகளும்தான். ஆனால் மரம் எப்படிப் பிரிந்து பிரிந்து காற்றைப் பிடிக்கிறது என்கிற அந்தச் செயல் அப்படியே இருக்கிறது. அடுத்த சில வருடங்களில் கடலை வெறும் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடுமாக எடுத்து வரைந்தார், அதிலும் அலையடிப்பது தெரிகிறது. பொருளின் உருவம் போய்விட்டது, அது நடந்துகொள்கிற விதம் தங்கிவிட்டது.

நமக்கு இது புதிதும் இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்கிற மரமும் பறவையும் கருப்பொருள், இவற்றையெல்லாம் தாண்டி உரிப்பொருள் என்று ஓர் உணர்வைப் பிரித்தெடுத்து வைத்த திணை மரபு நம்முடையது. நெய்தல் என்றதும் கடலின் படம் ஒன்றும் வருவதில்லை, இரங்கல் வருகிறது. ஓவியத்தில் அதையே செய்யத்தான் பார்க்கிறோம்.

ஆகவே என் கேள்வி இதுதான்: இயற்கை நடந்துகொள்கிற விதத்தை ஒரு பிரஷ்ஷுக்குள் வைக்க முடியுமா? கிரிட்டாவில் முடியும். இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

பிரஷ் எடிட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, எஃப்5 தட்டினால் திறக்கும். முதலில் பார்க்கிறவர்கள் பயந்துபோய் மூடிவிடுவார்கள், அத்தனை பெயர்கள், அத்தனை வளைகோடுகள். ஆனால் அடிப்படை எளிது. பிரஷ்ஷின் ஒவ்வொரு குணத்தையும், அதாவது அளவு, அடர்த்தி, சுழற்சி, சிதறல், நிறக் கலப்பு எல்லாவற்றையும், ஏதாவது ஓர் உணரியோடு கட்டிவிடலாம். பேனாவை அழுத்துவது ஓர் உணரி, கையின் வேகம் ஓர் உணரி, பேனாவின் சாய்வு, கோடு போகிற திசை, கோடு ஓடிய தூரம், இவையும் உணரிகள். ஃபஸ்ஸி டேப் என்று ஒன்று, பிரஷ் வைக்கிற ஒவ்வொரு ஒற்றலுக்கும் தற்செயலாக ஒரு மதிப்பைக் கொடுக்கும். ஃபஸ்ஸி ஸ்ட்ரோக் என்பது கோட்டுக்கு ஒரு மதிப்பு, அந்தக் கோடு முடிகிறவரை மாறாது. ஒவ்வொன்றுக்கும் வளைகோடு வரைந்து, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு மாற வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

இதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மணல் ஒரே நிறம் கிடையாது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், வெளிறிய குவார்ட்ஸ், எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கனிமங்களுக்காகத்தான் அங்கே ஆலையே வந்தது. அலை ஏறி வந்துவிட்டுத் திரும்பும்போது குனிந்து பாருங்கள். நீர் வேகமாக வடிகிற இடத்தில் எடை குறைந்த வெளிர் மணலை அடித்துக்கொண்டு போய்விடும், கறுப்பு மணல் கனமானது, அதனால் தங்கிவிடும். இல்மனைட்டின் அடர்த்தி நீரைவிட நாலரை மடங்குக்கு மேல், குவார்ட்ஸ் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல், அந்த வித்தியாசம்தான் இத்தனை ஓவியத்தையும் போடுகிறது. ஒரு சிறு சிப்பி மணலில் புதைந்திருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு நீர் பிரியும், சிப்பிக்குப் பின்னால் கடல் பக்கமாகக் கூம்பு போல ஒரு கறுப்புத் தடம் விழும், அதன் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, அதற்கும் வெளியே வெளிர் மஞ்சள். அடுத்த அலை வந்தால் அழிந்து வேறொரு தடம்.

இதைப் பார்த்து அப்படியே வரைந்தால் மணலின் படம் கிடைக்கும், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது வேகம் நிறத்தைப் பிரிக்கிற அந்தச் செயல். கிரிட்டாவின் பிக்சல் பிரஷ்ஷில் மிக்ஸ் என்று ஒரு குணம் இருக்கிறது, முன்நிறத்தையும் பின்நிறத்தையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை அது தீர்மானிக்கும். அதை வேக உணரியோடு கட்டினேன். முன்நிறம் கறுப்பு, பின்நிறம் வெளிர் மஞ்சள். வேகமாக இழுத்தால் கறுப்பு தங்குகிறது, கை தயங்கினால் மஞ்சள் படிகிறது. தலைகீழாக வந்தால் வளைகோட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பிரஷ்ஷின் முனைக்கு, மணலைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, நல்ல மாறுபாடு கொடுத்து, ஸ்டாம்ப் என்கிற பொத்தானால் முனையாக்கிக்கொண்டேன். சுழற்சிக்கு ஃபஸ்ஸி டேப், அப்போதுதான் ஒரே துகள் வரிசையாகத் திரும்பத் திரும்ப வராது. கொஞ்சம் சிதறல்.

இப்போது அந்த பிரஷ்ஷால் நான் எதை வரைந்தாலும், மணலே இல்லாத ஒரு படமாக இருந்தாலும், கை எங்கே அவசரப்பட்டது எங்கே நின்றது என்பது நிறமாகத் தெரிகிறது. கடலோரத்தில் நீர் செய்கிற வேலையை என் கை செய்கிறது. கேன்வாஸில் சாயத்தை வைத்துக்கொண்டு இதை வேறு விதமாகச் செய்ய முடியும், ஆனால் இந்தக் குறிப்பிட்ட விதியை, வேகத்துக்கு ஒரு நிறம், தயக்கத்துக்கு ஒரு நிறம் என்று, சாயத்தில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை. டிஜிட்டல் கருவி ஒன்று சாயத்தைப் போலி செய்யாமல் தனக்கே உரிய ஒன்றைத் தருகிற இடம் இது, அதனால்தான் இதை இத்தனை நீளமாகச் சொல்கிறேன்.

புதிதாக இறக்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூடவே வருகிற பிரஷ்கள் நூற்றுக்கும் மேல், கரி, சாக்பீஸ், உலர் தூரிகை, ஈரத் தூரிகை, நீர்வண்ணம் என்று வரிசை வரிசையாக இருக்கும், அதற்கும் மேலே இலைகளையும் புல்லையும் மேகத்தையும் முத்திரை குத்துகிற பிரஷ்களை இணையத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இலை முத்திரைகளைத் தொடாதீர்கள் என்பேன். அவை வேறொருவர் பார்த்த இலைகள். அரூபம் வரைகிறவருக்குப் பார்ப்பதுதான் பாதி வேலை, அந்தப் பாதியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் பிறகு எதை அரூபமாக்குவது? இதே காரணத்துக்காகத்தான் ஏஐயைக் கொண்டு படம் உருவாக்குகிற பிளகின்கள் கிரிட்டாவுக்கு வெளியாட்கள் செய்து வைத்திருந்தும் நான் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்கெட்ச் என்று ஒரு பிரஷ் எஞ்சின் இருக்கிறது, பலரும் தொடுவதே இல்லை. நீங்கள் போடுகிற கோடு, பக்கத்தில் ஏற்கெனவே ஓடிய கோட்டுப் புள்ளிகளைத் தேடி மெல்லிய இழைகளால் தானே இணைத்துக்கொள்ளும். ஆலவிழுதும் அலையாத்தி வேரும் பார்த்து வரைகிறவர்களுக்கு இது பெரிய கொடை. இழைகளின் அடர்த்தியைக் குறைத்து, தூரத்தைக் கூட்டி, மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் போனால், பின்னிக்கொண்டு நெருங்குகிற அந்த வேர்களின் அழுத்தம் வருகிறது, வேரின் உருவம் எங்கும் இல்லை. ஒரே குறை, சீக்கிரம் சலிக்கும். எல்லாரும் பயன்படுத்தினால் எல்லாருடைய படமும் ஒன்றுபோல் தோன்றும். அடியில் ஓர் அடுக்காக வைத்துக்கொண்டு மேலே வேறு பிரஷ்ஷால் மூடிவிடுவது என் வழக்கம்.

மூடுவது என்றதும் இந்திய அரூப ஓவியர் வி.எஸ். கைதொண்டே நினைவுக்கு வருகிறார். அவர் சாயத்தை உருளையாலும் பேலட் கத்தியாலும் ஏற்றி, படிந்ததை வழித்து எடுத்து, அடுக்குக்குள் அடுக்காக ஒளியைக் கொண்டுவந்தவர். அவர் படத்தைப் பார்த்தால் கடலா பனியா என்று கேட்கத் தோன்றும், அவரோ தன் ஓவியம் எந்தப் பொருளையும் குறிப்பதல்ல என்ற நிலையில் உறுதியாக இருந்தார். எடுத்துவிடுவதும் ஓவியம்தான் என்பதை அவரிடம் கற்கலாம். கிரிட்டாவில் டிரான்ஸ்பரன்சி மாஸ்க் அதற்கு ஒத்துவருகிறது. ஒரு லேயருக்கு, அதாவது படத்தின் ஓர் அடுக்குக்கு, மாஸ்க் போட்டு, அந்த மாஸ்க்கின் மேல் மணல் முனை பிரஷ்ஷால் தேய்த்தால் மேலடுக்கு அரித்துக்கொண்டு போய்க் கீழே இருப்பது தெரியும். பாறை உப்புக்காற்றில் அரிபடுவது மாதிரியான ஓரங்கள் வரும். பிடிக்கவில்லையென்றால் மாஸ்க்கைத் தூக்கிவிட்டால் அடுக்கு முழுசாக அப்படியே இருக்கும். அழிக்கும் பிரஷ்ஷையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டும்.

ரேப் அரவுண்ட் முறை இன்னொரு நல்ல விஷயம், டபிள்யூ விசை. வலது ஓரத்தில் வெளியே போகிற கோடு இடது ஓரத்தில் உள்ளே வரும், மேலே போனது கீழே வரும். துணி டிசைன் செய்கிறவர்களுக்காக வந்த வசதி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அதற்கு உண்மையிலேயே பிரமாதம். எனக்கு வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். நிலக்காட்சி வரைந்து பழகியவர்களுக்கு மேலே வானம், கீழே தரை, நடுவில் ஒரு தொடுவானம் என்பது கையிலேயே ஊறிப்போயிருக்கும், அரூபத்தில் அதை விடுவது கடினம். இந்த முறையில் மேல் கீழ் என்பதே இல்லாமல் போய்விடுவதால் தொடுவானம் தானாகவே உடைகிறது. அரூபத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கொஞ்ச நாள் இதிலேயே வரைந்து பார்க்கலாம்.

ரெஃபரன்ஸ் இமேஜ் கருவியும் நன்றாகவே இருக்கிறது, போட்டோவை கேன்வாஸ் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. போட்டோ பக்கத்தில் இருந்தால் கண் அதற்கே ஓடுகிறது, படம் போட்டோவைத் துரத்துகிறது. நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்த நாலு கோடு போதும், மீதியை ஞாபகம் தரட்டும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் குதிரைமொழித் தேரிக்குப் போயிருக்கிறீர்களா? இரும்பு ஆக்சைடு பூசிய சிவப்பு மணல் மேடுகள், இடையில் பனை, கொல்லாமரம், உடை. மேகம் மூடினால் ஈரச் செங்கல் நிறம், உச்சிவெயிலில் ஆரஞ்சு, சாயங்காலம் அதற்குள்ளிருந்து ஊதா எழும். ஆடிக்காற்றில் மணல் நகர்ந்து வரிவரியாக மடிப்பு விழுந்திருக்கும். இந்தச் சிவப்பிலிருந்து அந்தச் சிவப்புக்குப் போகிற மெல்லிய மாற்றங்களை, நிறப் படிகள் குறைவான 8-பிட்டில் வரைந்தால், அகலமான பரப்புகளில் பட்டை பட்டையாகப் படி தெரியும். கிரிட்டாவில் படத்தை ஆரம்பிக்கும்போதே 16-பிட் தேர்ந்தெடுத்துவிடலாம், படி விழாது. இலவச மென்பொருளில் இந்த அளவுக்கு நிற மேலாண்மை கிடைப்பது பெரிய விஷயம், அரூபத்தில் நிறம்தானே எல்லாம்.

இந்த வசதிக்கு விலை நினைவகம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6000 பிக்சல் நீளம், 4000 பிக்சல் அகலம், நாலு சேனல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக ஒரு முழு லேயருக்கே 192 எம்பி. இருபது லேயர் வைத்தால் நாலு ஜிபியை நெருங்குகிறது, அதற்கு மேல் அன்டூவுக்கு, அதாவது செய்ததைத் திரும்பப் பெறுவதற்கு, வேறு இடம் வேண்டும். 8 ஜிபி மடிக்கணினியில் பெரிய படம் 16-பிட்டில் வரைவது திணறல்தான், 16 ஜிபி இருந்தால் நிம்மதி. கூடவே, நிறத்தை இழுத்துக் கலக்குகிற கலர் ஸ்மட்ஜ் வகை பிரஷ்களை ரொம்பப் பெரிய அளவில் வைத்து இழுத்தால் கோடு கைக்குப் பின்னால் வரும். பிரஷ்ஷின் வேலை பிராசஸர் மேல் விழுவதால் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் இதில் பெரிய மாற்றம் இருக்காது. அகலமான வீச்சோடு வரைகிறவர்களுக்கு இது உறுத்தும், ஏனென்றால் பெரிய அரூபத்தில் முழுக்கையை வீசித்தான் முதல் அடுக்கு போடுவோம். முதல் அடுக்கைச் சிறிய கேன்வாஸில் போட்டுவிட்டு, அமைப்பு பிடித்த பிறகு பெரிதாக்கி மேல் அடுக்குகளை அந்த அளவிலேயே வரைந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது ஈரம். கிரிட்டாவில் நீர்வண்ணம் என்று பெயர் வைத்த பிரஷ்கள் இருக்கின்றன, ஆனால் தண்ணீர் இல்லை. நீர்வண்ணத்தில் ஈரத் தாளில் ஒரு சொட்டு நீலத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்தால், அதற்குப் பிறகு நடப்பதுதான் படம். சாயம் பரவும், ஓரத்தில் சேரும், பக்கத்து மஞ்சளுக்குள் விரலை நீட்டும், தாளைச் சாய்த்தால் வழியும், காயும்போது ஓரம் கறுத்து ஒரு வரை விழும். கடலையும் மழையையும் வரைகிறவர்களுக்கு இதில் ஒரு நியாயம் உண்டு, வரையப்படுவதே வரைகிறது. கிரிட்டாவின் ஈர பிரஷ்கள் நிறத்தை இழுக்கும், கலக்கும், ஓரத்தை மென்மையாக்கும், ஆனால் கையை எடுத்ததும் எல்லாம் நின்றுவிடும். கை எடுத்த பிறகு எதுவும் நடக்காது என்பது அரூபக்காரருக்குப் பெரிய இழப்பு. ரெபெல் என்கிற மென்பொருளில் தண்ணீர் உண்மையாகவே பரவுகிறது, சாய்த்தால் வழிகிறது. அடோபி ஃபிரெஸ்கோவின் லைவ் பிரஷ்களிலும் ஓரளவு உண்டு. ஈரம்தான் உங்கள் படத்தின் உயிர் என்றால் ரெபெல்லின் சோதனைப் பதிப்பை இறக்கிப் பாருங்கள், கிரிட்டாவில் அதைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

நான் இதற்குச் செய்வது: தாளில் உண்மையான நீர்வண்ணத்தில் கறைகளை மட்டும் விட்டு, காய்ந்ததும் ஸ்கேன் செய்து, கிரிட்டாவில் ஒரு லேயராகக் கொண்டுவந்து கீழே உள்ள நிறத்தோடு சேர்ந்து அடர்வாகிற மல்டிப்ளை முறையில் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் செய்ய வேண்டியதைத் தண்ணீர் செய்துவிடுகிறது, மணலும் வேகமும் கிரிட்டாவில். பார்க்கிறவர்களுக்குச் சேர்ந்த இடம் தெரிவதில்லை. தெரிந்தாலும் பரவாயில்லை.

கிரிட்டாவே நிரப்பித் தருகிற ஃபில் லேயரில் சிம்ப்ளெக்ஸ் நாய்ஸ் என்று ஒன்று உண்டு. மேகம், பளிங்கு, நிலத்தின் மேடுபள்ளம் இவற்றுக்குரிய ஒழுங்கற்ற ஒழுங்கைக் கணக்கால் உண்டாக்கும் முறை, கென் பெர்லின் 1980களில் கண்டுபிடித்த நாய்ஸின் வாரிசு. நிரலாக்கத்தால் ஓவியம் செய்கிறவர்கள் நம்பியிருக்கிற பெரிய கருவி இது. கிரிட்டாவில் இதை நேராகப் படத்தில் வைத்தால் கணினித்தனமாகத் தெரியும், மங்கலான ஓர் அடித்தளமாக வைத்து, எங்கே அடர்த்தி எங்கே வெறுமை என்று அது சொல்வதைக் கேட்டு மேலே கையால் வரைந்தால் நம் பழக்கத்திலிருந்து கொஞ்சம் வெளியே இழுக்கிறது.

அன்டூ பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் விழுந்த கறையோடு வாழ வேண்டும், அதற்கு இடம் கொடுத்துப் படத்தை மாற்ற வேண்டும். இங்கே கண்ட்ரோல் இசட். பிடிக்காத கோட்டை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டே போனால் கடைசியில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த படம்தான் மிஞ்சும். கிரிட்டாவின் அமைப்புகளில் அன்டூ எத்தனை படி என்பதைக் குறைக்கலாம். அரூபம் வரைகிறவர்கள் அதை வெகுவாகக் குறைத்துவிடுங்கள், நினைவகமும் மிச்சம்.

பிரிண்டுக்கு வரும்போது கவனம் வேண்டும். திரையில் எரிகிற தேரிச் சிவப்பு அச்சுக்குரிய சிஎம்ஒய்கே மையில் அப்படியே வராது, அந்த ஆரஞ்சுச் சிவப்புகளில் பல மையின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. ஊரில் ஒரு பிரிண்ட் கடையில் கொடுத்தபோது தேரி காவியாகித் திரும்பி வந்தது, காரணம் கேட்டால் ஃபைல் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். கிரிட்டாவில் சாஃப்ட் ப்ரூஃபிங் இருக்கிறது, கண்ட்ரோல் ஒய். கடைக்காரரிடம் அவருடைய பிரிண்டரின் நிற புரொஃபைலை, அதாவது அந்த பிரிண்டர் நிறங்களை எப்படி அடிக்கும் என்று சொல்கிற கோப்பை, கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் எந்தச் சிவப்பு விழும், எது தப்பும் என்று திரையிலேயே காட்டும். புரொஃபைல் என்றால் என்னவென்று கேட்கிற கடையில் நிறத்தை நம்பி வாழ்கிற படத்தைக் கொடுக்காதீர்கள். பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் அடிக்கிற இடமாகத் தேடுங்கள், செலவு அதிகம்தான், ஆனால் மணல் பிரஷ்ஷின் துகள் அதில்தான் துகளாகத் தெரிகிறது.

பென் டேப்லெட் பற்றிப் பலர் கேட்பார்கள். திரையுள்ளது வேண்டுமா, திரையில்லாததா? முகம் வரைகிறவர்களுக்குத் திரை உதவும். அரூபத்துக்குத் திரையில்லாத, நடுத்தர அளவோ பெரியதோ, போதும் என்பது என் கருத்து. கை எங்கே போகிறது என்று கண் பார்க்காமல் படத்தையே பார்க்கும்போது, மணிக்கட்டை விட்டுவிட்டுத் தோளிலிருந்து கோடு வருகிறது. மிகச் சிறிய டேப்லெட் வாங்கவே வேண்டாம், அதில் வேகத்துக்கு இடமில்லை, மேலே சொன்ன வேக உணரியின் பயனே போய்விடும். சாய்வை உணரும் பேனாவா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, திரையிலேயே படம் பார்த்துப் படம் வரைகிற தலைமுறைக்காக. சென்னைக்குப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வாருங்கள். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் ஓவியர்களே சேர்ந்து, பாடிக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற பணத்தில் எழுப்பிய ஊர் அது, அங்கே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கு ஓர் அருங்காட்சியகம் 2009இலிருந்து இருக்கிறது. கேரளத்து நீர்நிலைகளை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்த பணிக்கர் பின்னால் சொற்களும் குறியீடுகளுமாக எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பாருங்கள். பாரதப்புழைக் கரையில் பிறந்து, பொறியாளராகச் சென்னைக்கு வந்து, 2022இல் மறையும்வரை இங்கேயே வரைந்த அச்சுதன் கூடல்லூரின் நிறங்கள் எங்காவது காட்சிக்கு வந்தால் விடாதீர்கள். சாயத்தின் தடிப்பில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கிரிட்டாவைத் திறந்தால், கலர் ஸ்மட்ஜில் சாயத்தடிப்பைக் கூட்டுகிற அமைப்பு எதற்கென்று புரியும், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதும் புரியும். 

விண்டோஸ் ஸ்டோரிலும் ஸ்டீம் என்கிற இணையக் கடையிலும் கிரிட்டாவை விலைக்கு வைத்திருக்கிறார்கள். இலவசமாக இறக்குவதும் அதுவும் ஒரே மென்பொருள்தான், ஒரு வசதிகூட அதிகம் கிடையாது. விலை கொடுத்தால் புதுப்பிப்புகள் தானாக வரும், பணம் இதை உருவாக்குகிறவர்களுக்குப் போகும். படிக்கிற பிள்ளைகள் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படமாவது விற்றவர்கள் ஸ்டோரில் வாங்குங்கள், அல்லது நன்கொடை கொடுங்கள்.